வகுப்பு நேரத்தை மாணவர் தேர்ந்தெடுத்தல்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்கள் தங்கள் வகுப்பு நேரத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள இடமளிக்கலாமா என்பது ஒற்றைக் கேள்வி போலத் தோன்றினாலும், அதற்குள் வெவ்வேறான மூன்று ஏற்பாடுகள் கலந்து கிடக்கின்றன. பள்ளி முழுவதற்குமான தொடக்க நேரத்தைப் பதின்ம வயதினரின் உடலியல்புக்கு ஏற்பத் தள்ளிவைப்பது ஓர் ஏற்பாடு. இதில் தனி மாணவருக்கு விருப்பம் சொல்ல இடமில்லை, எல்லாருக்குமாக வேறொருவர் முடிவெடுக்கிறார். காலை, பிற்பகல் என இரண்டு ஷிப்டுகளாகப் பள்ளியை நடத்தி, எதில் சேர்வது என்பதை மாணவரிடமோ அவர் வீட்டாரிடமோ விடுவது இன்னோர் ஏற்பாடு. எல்லாரும் கட்டாயம் இருக்க வேண்டிய பொது நேரம் ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு, அதன் இரு ஓரங்களிலும் உள்ள மணி நேரங்களை மட்டும் மாணவர் தம் வசதிப்படி அமைத்துக்கொள்ள விடுவது மூன்றாவது. இம்மூன்றும் கேட்கும் செலவும், தரும் பயனும், கொண்டுவரும் ஆபத்தும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் பள்ளி நேரத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இவை ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன என்பதும், அக்குழப்பத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதும் முதலில் கவனிக்கத்தக்கவை.

பள்ளி நேரத்தைக் கண்டிப்பாக வைக்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிகளோடு வந்தது என்ற கருத்து பரவலாக இருந்தாலும், சான்றுகள் அதை அப்படியே ஏற்க விடுவதில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களை அனுப்பும்படி மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டார். அதற்கு மறுமொழியாக, அப்போது இம்மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் ஆட்சியர் ஏ.டி. கேம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கை, பள்ளி காலை ஆறு மணியளவில் தொடங்கியதையும், முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதிப் பெருமைப்படுத்தியதையும், இரண்டாவதாக வருபவனுக்குப் புகழும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சுழியம் போட்டதையும், மூன்றாமவனுக்கு இலேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு அடி என அதன்பின் வருவோருக்கெல்லாம் அடி ஏறிக்கொண்டே போனதையும் பதிவு செய்திருக்கிறது. கடிகாரம் இல்லாத அந்தத் திண்ணைப் பள்ளியில், தாமதம் என்பது குறித்த மணிக்குப் பிந்துவதாக அல்லாமல் உடன் படிப்பவனுக்குப் பிந்துவதாகவே அளக்கப்பட்டது. பின்னர் மிஷன் பள்ளிகளும் அரசு உதவி பெற்ற பள்ளிகளும் வருகைப் பதிவேட்டையும் பாடவேளை அட்டவணையையும் நிலைபெறச் செய்தன. மதுரையில் 1892இல் அமைந்த ஹார்வி மில்லைப் போன்ற பஞ்சாலைகளின் சங்கொலி, நகரத்துத் தொழிலாளர் வீடுகளில் எழும் நேரத்தையும் உலை வைக்கும் நேரத்தையும் தீர்மானித்தது. பள்ளி மணியும் ஆலைச் சங்கும் ஒரே தலைமுறையில் ஊன்றியவை என்பதால், நேரத்துக்கு வருவது என்னும் ஒழுக்கம் படிப்புக்கான தேவையாக மட்டுமன்றி வேலைக்கான பயிற்சியாகவும் பொருள்கொள்ளப்பட்டது.

இந்த நாட்டில் பள்ளி நேரத்தை நெகிழ்த்தும் பெரிய முயற்சி ஒன்று நடந்து, அது ஓர் அமைச்சரவையின் முடிவுக்கே காரணங்களுள் ஒன்றாகிவிட்டது. முதலமைச்சராக இருந்த இராஜாஜி 1953இல் கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியும் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் இருந்தால் போதும் என்றது. இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டே கூடுதலான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அதன் கணக்கு. மீதி நேரத்தில் பிள்ளை தன் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்ற பகுதிதான் மக்களைக் கொதிக்கச் செய்தது. சாதிவழித் தொழிலைப் பிள்ளைகளின் தலையில் கட்டும் ஏற்பாடு என்று பெரியாரின் திராவிடர் கழகமும், திராவிட முன்னேற்றக் கழகமும் போராடின. குலக்கல்வித் திட்டம் என்னும் பெயர் நிலைத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அமைச்சரவை திட்டத்தைக் கைவிட்டது.

அத்திட்டம் உயர்நிலைப் பள்ளிகளுக்கானது அன்று. அதில் மாணவர் விருப்பத்துக்கும் இடமில்லை. ஆயினும், பள்ளியிலிருந்து விடுவிக்கப்படும் நேரம் யாருடையதாகிறது என்ற கேள்வியை அது என்றென்றைக்குமாக எழுப்பிவிட்டது. நிலமும் பணமும் உள்ள வீட்டில் அந்த நேரம் பிள்ளைக்குச் சேரும். கூலி வீட்டில் அது கூலிக்குச் சேரும். பள்ளி நேரத்தை நெகிழ்த்தலாம் என்று யார் சொன்னாலும் தமிழ்நாட்டில் உடனே எழும் ஐயம் வெறும் அரசியல் பழக்கத்தால் வந்ததன்று. அது நியாயமான ஐயம். நேரத் தேர்வை ஆதரிப்போர் இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் மேலே செல்ல முடியாது.

சட்டத்தின் நிலையும் இங்கே குறிக்கத்தக்கது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் அட்டவணையில் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்களும் 1,000 மணி நேரமும் குறைந்த அளவு என வகுத்திருக்கிறது. அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது; எட்டாம் வகுப்புக்கு மேல் அது எட்டுவதில்லை. ஆகவே நேரத்தை மாற்றியமைக்கச் சட்டத்தின் தடை குறைவாக உள்ள வகுப்புகள் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளே. மறுபுறம், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறையிலும் தன் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விட்டுவைத்தது. 14 முதல் 18 வயது வரையுள்ளோரை வளரிளம் பருவத்தினர் என்று பிரித்து, அவர்களுக்கு அபாயமான தொழில்களை மட்டும் தடுத்தது. பள்ளி நேரம் எது என்பதைப் பொறுத்தே வேலை நேரம் எது என்பதும் அமைகிறது; முதலாவது இளகினால் இரண்டாவதும் இளகும்.

இனி உடலியல் தரும் சான்றுகளைப் பார்க்கலாம். மனித உடலுக்குள் ஏறத்தாழ ஒரு நாள் சுற்றில் தூக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. அதை உடற்கடிகாரம் என்பர். இருட்டியபின் மூளையில் சுரந்து தூக்கத்துக்கு வழிசெய்யும் மெலட்டோனின் என்னும் சுரப்பு, பூப்பெய்தும் பருவத்தில் முன்னைவிடப் பிந்திச் சுரக்கத் தொடங்குகிறது. இதனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்குத் தூக்கம் வராததும் காலை ஐந்து மணிக்கு எழ முடியாததும் சோம்பலாலோ கைப்பேசியாலோ மட்டும் வருபவை அல்ல. மேரி கார்ஸ்கடன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இதை நிறுவிவந்ததன் பயனாக, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளித் தொடக்கத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது, மாணவரின் இரவுத் தூக்கம் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக நீண்டது. கலிபோர்னியா 2019இல் சட்டமே இயற்றி 2022 முதல் நடைமுறைப்படுத்தியது.

இவையெல்லாம் முதல் வகையைச் சேர்ந்தவை. மாணவர் தாமே தேர்ந்தெடுத்த ஏற்பாட்டை ஆராய்ந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது ஜெர்மனியின் ஆல்ஸ்டார்ஃப் என்னும் சிறுநகரின் மேல்நிலைப் பள்ளியில் நடந்ததாகும். அப்பள்ளி டால்ட்டன் முறையைப் பின்பற்றுவது; ஹெலன் பார்க்ஹர்ஸ்ட் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1920ஐ ஒட்டி வகுத்த அம்முறையில், மாணவர் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டிய பணிகளைப் பெற்றுக்கொண்டு, எதை எப்போது செய்வது என்பதைத் தாமே அமைத்துக்கொள்கிறார். அந்தத் தன்படிப்பு வேளையை நாளின் முதல் பாடவேளையாக வைத்ததால், மூத்த வகுப்பு மாணவர்கள் காலை 8 மணிக்கு வருவதா 8.50க்கு வருவதா என்று அன்றன்றைக்கு முடிவெடுக்க முடிந்தது; பிந்தி வந்தவர்கள் அந்த வேளையைப் பின்னர் ஓய்வான பாடவேளையில் ஈடுசெய்தார்கள். ஏவா வின்னெபெக், டில் ரோனபெர்க் ஆகியோரின் குழு இதை ஆராய்ந்து, பிந்தி வந்த நாள்களில் மாணவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினர் என்று கண்டது. ஆனால் அவர்கள் வாரத்தில் இரண்டு நாள் அளவுக்கே இந்த உரிமையைப் பயன்படுத்தினர். விட்டுவிட்டால் பிள்ளைகள் வரவே மாட்டார்கள் என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைப்பது அரிது. இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது, எந்தப் பாடமும் தவறாதபடி அந்த நெகிழ்வு அமைந்தது என்பதே. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரம் அங்கே யாருக்கும் விருப்பத்துக்கு விடப்படவில்லை.

இந்தியாவில் இத்தகைய முயற்சிகள் வேறு பாதையில் சென்றிருக்கின்றன. மகாராஷ்டிர அரசு 2024இல் நான்காம் வகுப்பு வரையுள்ள வகுப்புகளைக் காலை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்றது. தூக்கத்தைக் காரணமாகக் காட்டிய அந்த ஆணை, உடற்கடிகாரம் உண்மையிலேயே பின்னுக்கு நகரும் பதின்ம வயதினரை விட்டுவிட்டது. கேரளம் 2025இல் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை நாளுக்கு அரை மணி நேரத்தைக் கூட்டியபோது, காலையில் மதரசாவுக்குச் செல்லும் பிள்ளைகளின் நேரம் பறிபோகிறது என்று சமஸ்தா என்னும் முஸ்லிம் சமய அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. ஆந்திரமும் தெலங்கானாவும் கோடையில் அரைநாள் பள்ளி நடத்துகின்றன. இம்மூன்றிலும் அரசு, சமய அமைப்பு, வெயில் ஆகியவற்றின் குரல் கேட்கிறது; மாணவரின் குரலைக் கேட்டு எடுத்த முடிவு ஒன்றுமில்லை.

மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்கொண்டால், பள்ளி நேரம் என்பது பள்ளிக்கூடத்துக்கு வெளியே தீர்மானமாகும் ஒன்று என்பது தெளிவாகும். அரசுப் பள்ளிகள் இங்கே காலை 9 மணியை ஒட்டித் தொடங்கி மாலை 4 மணியை ஒட்டி முடிகின்றன. அமெரிக்கப் பள்ளிகளோடு ஒப்பிட்டு, இங்கே விடியற்காலைத் தொடக்கம் என்னும் சிக்கலே இல்லை என்று சிலர் முடிவுகட்டுவதுண்டு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதாலும், மதுரை 78 பாகையை ஒட்டி இருப்பதாலும், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 17 நிமிட அளவில்தான் என்பதும், ஆகவே கடிகாரம் காட்டும் நேரத்தைவிடச் சூரியன் காட்டும் நேரம் பிந்தியது என்பதும் ஒரு சிறு திருத்தம். பெரிய திருத்தம் வேறு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் நாள் 9 மணிக்குத் தொடங்குவதே இல்லை.

பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளுக்குப் பல பள்ளிகளில் காலை எட்டு மணிக்கு ஒரு சிறப்பு வகுப்பும், மாலை மணியடித்த பின் இன்னொரு சிறப்பு வகுப்பும் நடக்கின்றன. அதற்கும் முன்னால் டியூஷன் இருக்கிறது. மதுரை நகரில் இயற்பியலுக்கும் கணக்குக்கும் டியூஷன் போகும் மேல்நிலை மாணவர், விடியற்காலை பேட்ச், மாலை பேட்ச், இரவு பேட்ச் என்பவற்றுள் தமக்கு உகந்ததைக் கேட்டுச் சேர்கிறார். மாணவர் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரே இடம் இவ்வட்டாரத்தில் இதுதான். அந்த உரிமை கட்டணம் கட்டுவோருக்கு மட்டும் உரியது என்பது கல்வியைப் பற்றி அக்கறை உள்ள எவரையும் உறுத்த வேண்டும். அரசுப் பள்ளிகள் பிற்பகல் 1.30க்கே முடிந்துவிடும் இலங்கையில் பிற்பகல் முழுவதையும் டியூஷன் நிறைத்துவிட்டதை யாழ்ப்பாணத்துப் பெற்றோர் நன்கறிவர். பள்ளி விடும் நேரத்தைச் சந்தை பிடித்துக்கொள்ளும் என்பதற்கு அது கண்ணெதிரே உள்ள சான்று.

நகருக்கு வெளியே காட்சி மாறுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டு விரியுமுன் பறித்துச் சந்தையில் சேர்க்க வேண்டிய பூ. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் இருள் பிரியுமுன் தலையில் கட்டிய டார்ச் விளக்கோடு பறிப்பு தொடங்குகிறது. பறித்த எடைக்குக் கூலி என்பதால் வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனையும் தோட்டத்தில் இறங்கும். பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போன பின்தான் பள்ளிச் சீருடை. மல்லி கொத்துக்கொத்தாகப் பூக்கும் கோடைப் பருவம் மார்ச் மாதத்தில் தொடங்குகிறது. பொதுத்தேர்வும் மார்ச் மாதத்தில்தான். இத்தகைய வீட்டுப் பெண்ணிடம் காலை வகுப்பு வேண்டுமா, பிற்பகல் வகுப்பு வேண்டுமா என்று கேட்டால் அவள் சொல்லும் விடை அவள் விடையாக இருக்குமா என்பதுதான் 1953இல் எழுந்த கேள்வியின் இன்றைய வடிவம். பிற்பகல் ஷிப்டு அவளுக்குத் தூக்கத்தைத் தராது. இன்னும் இரண்டு கிலோ பூவைத்தான் தரும். மாலையிலோ பூக்கட்டும் வேலையும், வீட்டு வேலையும், இருட்டுமுன் வீடு சேர வேண்டும் என்னும் கட்டுப்பாடும் சேர்ந்து, ஆண்பிள்ளைக்குக் கிடைக்கும் அதே தேர்வு அவளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன.

அடுத்தது பேருந்து. பேரையூர், தே. கல்லுப்பட்டி, மேலூர், வாடிப்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இலவசப் பயண அட்டையை வைத்துக்கொண்டு காலையில் வரும் நகரப் பேருந்தை நம்பி இருக்கிறார்கள். அந்த நடை போனால் அடுத்தது எப்போது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். அரசு தரும் மிதிவண்டி பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. பேருந்து நேரத்தை மாற்றாமல் பள்ளி நேரத்தை மட்டும் மாணவர் விருப்பத்துக்கு விடுவது, பள்ளிக்கு அருகில் குடியிருப்போருக்கு மட்டும் விடுவதாகவே முடியும். உணவும் அப்படியே. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் அது தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கானது. தங்கை பள்ளியில் சாப்பிட, எட்டு மணிச் சிறப்பு வகுப்புக்கு ஓடும் அண்ணன் வெறும் வயிற்றோடு உட்கார்கிறான்.

இரண்டு ஷிப்டு முறை எப்படி நடைமுறையாகும் என்பதற்குத் தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகள் ஓரளவு வழிகாட்டும். அங்கே காலை ஷிப்டு, மாலை ஷிப்டு என்று பிரிக்கப்பட்டது இடம் போதாமையால். எந்த ஷிப்டு என்பதைப் பெரும்பாலும் மதிப்பெண்ணும் காலியிடமும் முடிவுசெய்கின்றன. உயர்நிலைப் பள்ளிகளில் இது இன்னும் கடினம். ஊர்ப்புற மேல்நிலைப் பள்ளி பலவற்றில் ஒரு பாடத்துக்கு ஒரே முதுகலை ஆசிரியர் இருக்கும்போது, அவர் அதே பாடத்தைக் காலையிலும் பிற்பகலிலும் நடத்துவது அவருடைய நாளை இரட்டிப்பாக்கும். ஷிப்டு முறையை மாணவர் உரிமையின் பெயரால் கொண்டுவருவது எனவே பொருத்தமற்றது; அது ஆசிரியர் பற்றாக்குறையை மூடும் போர்வையாகிவிடும் வாய்ப்பே மிகுதி.

பள்ளியை முற்றிலும் விட்டு வெளியேறிப் படிப்போருக்கு நேரம் முழுவதும் அவர்களுடையதே. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் எனப்படும் அமைப்பும், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதும் பழைய வழியும் அவர்களுக்கு உண்டு. வேலைக்குப் போனவர்களுக்கும் இடையில் நின்றவர்களுக்கும் இவை பெரும் துணை. ஆயினும் ஆய்வுக்கூடம், உடன் படிப்போர், மதிய உணவு, கேள்வி கேட்க ஓர் ஆசிரியர் ஆகியவற்றை இழந்து பெறும் அந்த முழு உரிமையைப் பள்ளியில் இருப்போருக்கான முன்மாதிரியாகக் காட்டுவது தவறு.

ஆகவே மதுரை வட்டாரத்துக்குப் பொருந்துவது மூன்றாவது ஏற்பாடே. அதிலும் தொடங்க வேண்டிய இடம் சிறப்பு வகுப்பு. பாட அட்டவணையில் இல்லாத, பாடநூலைத் திரும்பப் படிக்கவும் தேர்வு எழுதிப் பார்க்கவும் பயன்படும் அந்த நேரம், ஆல்ஸ்டார்ஃபின் தன்படிப்பு வேளைக்கு மிக நெருக்கமானது. அதைக் காலையிலும் மாலையிலும் எல்லாருக்கும் கட்டாயமாக்குவதை விட்டு, வாரத்துக்கு இத்தனை வேளை என்று அளவை மட்டும் நிலைப்படுத்தி, காலையிலா மாலையிலா மதிய இடைவேளையை ஒட்டியா என்பதை மாணவர் மாதந்தோறும் எழுதிக் கொடுக்கும்படி செய்யலாம். ஆசிரியருக்குக் கூடுதல் வேலை விழாது. இப்போது இரு முனையிலும் இருக்கும் அவர் ஒரு முனையிலேனும் விடுபடவும் கூடும். பூப்பறிக்கும் பருவத்தில் ஒரு பெண் காலை வேளையைத் துறந்தால், பள்ளிக்கு அது ஓர் அடையாளமாகும். அவள் விருப்பம் தூக்கத்துக்காகவா கூலிக்காகவா என்று வகுப்பாசிரியர் விசாரிக்க அந்தத் தாள் இடம் தரும். கட்டாய முறையில் அவள் வெறும் தாமதமாக வந்தவளாகவோ வராதவளாகவோ மட்டுமே பதிவாகிறாள்.

எல்லாருக்கும் பொதுவான பாட நேரத்தில், குறிப்பாக 9.30 முதல் 3.30 வரையுள்ள பகுதியில், யாரும் கைவைக்கக் கூடாது என்பதில் உறுதி வேண்டும். பள்ளி நேரம் முழுவதையும் விருப்பத்துக்கு விட வேண்டும் என்போர், பிள்ளைகளை நம்ப வேண்டும் என்கிறார்கள்; நம்ப வேண்டியதுதான். இங்கே நம்ப முடியாமல் இருப்பது பிள்ளையை அல்ல, அவள் விருப்பத்தை அவளுக்குப் பதிலாகச் சொல்லிவிடும் வறுமையை.

இவை நடக்க வேண்டுமானால் இரண்டு முடிவுகள் வகுப்பறைக்கு வெளியே எடுக்கப்பட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கிறார்கள். உள்ளாட்சி உறுப்பினருக்கும் ஆசிரியருக்கும் இடமுண்டு. சிறப்பு வகுப்பின் நேரத்தைப் பற்றி அக்குழு பேசும் கூட்டத்திலேனும் பத்தாம் வகுப்பிலிருந்தும் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தும் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார வேண்டும். கூட்டத்துக்கு முன் அவர்கள் தம் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்த நேரம், வேலை செய்த நேரம், சாப்பிட்ட நேரம், பேருந்து ஏறிய நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்தக் குறிப்பைப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரிடம் கொண்டுபோய், மாலை நடை ஒன்றை அரை மணி நேரம் தள்ளிவிடக் கேட்பது இரண்டாவது. பேரையூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அந்த ஒரு நடை தள்ளினால், காலை எட்டு மணிச் சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.